வேன் கூரைக்கு என்ன போடலாம்? கிடுகும் படங்கும் சொல்லும் நமது வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை என்னிடம் படித்த தம்பி ஒருவர் வீட்டுக்கு வந்தார். பழைய டொல்பின் வேன் ஒன்றை வாங்கி, சீற்றுகளைக் கழற்றிவிட்டு, உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, சின்னக் குளிர்சாதனப் பெட்டி எல்லாம் பொருத்தியிருக்கிறார். கற்பிட்டிக்குப் பட்டம் பூட்டிக் கடலில் சறுக்க வரும் வெளிநாட்டாருக்கு வாடகைக்குக் கொடுக்கத்தான். வெளிநாடுகளில் இதை மோட்டார் ஹோம் என்கிறார்கள். வீடும் அதுதான், வாகனமும் அதுதான்.

அவருடைய பிரச்சினை வேனுக்கு உள்ளே இல்லை, வெளியே. நமது வெயிலில் பகல் நேரம் வேனுக்குள் யாரும் இருக்க முடியாது. கதவைத் திறந்தால் நேராக மணல், நேராக வெயில். பக்கத்தில் நிழல் ஒன்று வேண்டும்.

“சேர், பக்கத்தால ஒரு கூரை போடணும். கொழும்புல இருந்து சுருட்டுற கூரை எடுக்கவா, படங்கு கட்டவா, இல்லாட்டி ஒரே இடத்துல கிடுகுப் பந்தல் போட்டுட்டு வேன அதுக்குப் பக்கத்துல நிப்பாட்டவா?”

இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அவர் சிரித்தார். “கூரைக்குமா சேர் பாடம்?” என்றார். ஆமாம், கூரைக்கும் பாடம் இருக்கிறது. அதுவும் புத்தளத்து ஆளுக்கு நிறையவே இருக்கிறது.

*

இப்னு பதூதா 1344 இல் இந்தக் கரைக்கு வந்த கதையை இங்கே பல தடவை பேசிவிட்டோம். இன்று அவரை விட்டுவிட்டு, அவருக்கு 300 வருடங்களுக்கும் மேல் பிந்திய ஒரு கைதியிடம் போவோம்.

ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1660 இல் திருகோணமலைப் பக்கம் கொட்டியாரத்தில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார். ஏறத்தாழ 20 வருடங்கள் மலைநாட்டில் இருந்துவிட்டு, 1679 இல் காட்டு வழியாகத் தப்பி, நமக்கு வடக்கே இருக்கும் அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தார். அவருடைய புத்தகம் 1681 இல் லண்டனில் அச்சாகியது. நமது புத்தளமும் அதில் வருகிறது. போர்த்தலூன் என்று எழுதியிருக்கிறார். கண்டி அரசனின் நாட்டுக்கு உப்பும் மீனும் இங்கிருந்து போவதையும், முனையில் ஒல்லாந்தர் கோட்டை வைத்திருப்பதையும் சொல்கிறார். அந்த முனைதான் கற்பிட்டி.

அந்த உப்பையும் கருவாட்டையும் மேலே கொண்டுபோனவை தவள மாடுகள். முதுகில் இரு பக்கமும் பொதி ஏற்றிய மாடுகள் வரிசையாகக் காட்டுப் பாதையில் போகும். திரும்பி வரும்போது பாக்கு ஏற்றி வரும். இந்தத் தவள வியாபாரத்தில் நமது மூதாதையருக்குப் பெரிய பங்கு இருந்தது. வழி நெடுக நாட்கணக்கில் நடை. இரவு காட்டில்தான் படுக்க வேண்டும். மழை பெய்தால்?

நொக்ஸ் அதற்கும் பதில் எழுதி வைத்திருக்கிறார். தாளிப்பனை ஓலை. ஒரே ஓலையை விரித்தால் பதினைந்து இருபது பேர் மழைக்கு ஒதுங்கலாமாம். மடித்தால் விசிறி போல ஒடுங்கி, ஒரு ஆளின் கைப் பருமனுக்கு வந்துவிடுமாம். பாரமும் இல்லை. கண்டி அரசனின் படைவீரர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் இரவில் கூடாரமாகக் கட்டிப் படுத்ததாக எழுதுகிறார். பிரயாணிகள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு மழையில் நடந்தார்களாம், காட்டுப் பற்றைகளை விலக்கவும் அது உதவியதாம்.

தம்பி கொழும்பில் விலை கேட்ட சுருட்டுக் கூரையின் தத்துவம் இதுதான். விரிக்க வேண்டும், மடிக்க வேண்டும், தூக்க வேண்டும். இங்கே இருந்து நமக்கு முதலாவது கேள்வி கிடைக்கிறது: கூரையை யார் சுமக்கப் போகிறார்? மாட்டின் முதுகில் உப்புக்கே இடம் போதாது. ஆகவே மடிக்கத் தெரிந்த ஓலையைத்தான் அவன் தேர்ந்தெடுப்பான்.

*

பாதைகள் வெட்டப்பட்டு மாட்டு வண்டிகள் வந்த பிறகு கணக்கு மாறியது. இனிச் சில்லு சுமக்கும். ஆகவே கூரையை வண்டியோடு நிரந்தரமாகக் கட்டிவிட்டார்கள். பழைய படங்களில் இரட்டை மாட்டு வண்டியைப் பார்த்தால் தெரியும். வளைத்த கம்புகளின் மேல் கிடுகு வேய்ந்த கூடாரம். முன்னாலும் பின்னாலும் அது வண்டியைத் தாண்டி நீண்டு நிற்கும். முன் நீட்டம் வண்டிக்காரனின் தலைக்கு நிழல், பின் நீட்டம் சரக்குக்கு மழைக்காப்பு. வண்டியை நிறுத்திவிட்டு அடியில் பாயைப் போட்டால் அதுவே படுக்கை.

நீரிலும் அப்படித்தான். ஒல்லாந்தர் வெட்டி, பிறகு ஆங்கிலேயர் திருத்தி நீட்டிய வாய்க்கால் கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம், முந்தல் வழியாக நமது களப்பைத் தொட்டது. தட்டையான அடி கொண்ட சரக்குப் படகுகள் அதில் கம்பு ஊன்றித் தள்ளப்பட்டு உப்பும் கொப்பராவும் தேங்காயும் கருவாடும் ஏற்றிப் போயின. சிங்களத்தில் பாருவ என்பார்கள். அவற்றின் மேலும் வளைந்த ஓலைக் கூரை. படகோட்டிகள் சமைத்ததும் சாப்பிட்டதும் தூங்கியதும் அதற்குக் கீழேதான். அந்தக் காலத்து மோட்டார் ஹோம் என்று சொன்னால் பிழையில்லை, மோட்டார் மட்டும்தான் இல்லை. 1926 இல் புகையிரதம் புத்தளத்துக்கு வந்தது. பிறகு லொறிகளும் வந்தன. வாய்க்கால் போக்குவரத்து படிப்படியாக ஓய்ந்தது.

*

இனி நமது மாவட்டத்தின் வடக்கு எல்லையைத் தாண்டி மறிச்சுக்கட்டிக்குப் போவோம்.

1903 முதல் சில வருடங்கள் அங்கே அரசாங்கத்தின் முத்துக்குளிப்பு நடந்தது. 1906 ஆம் ஆண்டுக் குளிப்பில் வேலை செய்த இளம் சிவில் அதிகாரி லெனார்ட் வூல்ஃப். பின்னாளில் எழுத்தாளர் வெர்ஜினியா வூல்ஃபின் கணவரானவர் இவர்தான். அவர் தனது சுயசரிதையில் அந்தப் பருவத்தை எழுதியிருக்கிறார். வெறும் மணலும் பற்றைக் காடுமாகக் கிடந்த கடற்கரையில், சில வாரங்களுக்காக 20,000 முதல் 30,000 பேர் வரை கூடிய ஒரு பட்டணமே எழும்பியது. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் நம்மவர்கள், இந்தியக் கரையின் தமிழ்ச் சுழியோடிகள், பாரசீக வளைகுடாவிலிருந்து அரபிகள், எங்கெங்கோ இருந்து வந்த முத்து வியாபாரிகள். குளித்தெடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு சுழியோடிக்கு. அரசாங்கப் பங்கை அன்றன்று மாலையில் ஏலம் போடுவார்கள். தெரு, கடைவீதி, நீதிமன்றம், வைத்தியசாலை எல்லாம் இருந்தன.

எல்லாவற்றுக்கும் கூரை ஓலைதான். தடியும் ஓலையும் கயிறும். பருவம் முடிந்ததும் பட்டணம் பிரிந்தது. மணலும் காற்றும் மிஞ்சின.

அந்த ஓலைப் பட்டணத்தில் யாரும் தகரமோ ஓடோ கேட்கவில்லை. ஏன்? எத்தனை நாள் இருக்கப்போகிறோம் என்பது வரும்போதே தெரியும். சிப்பி முடிந்தால் பயணம். ஒரு பருவத்துக்கு ஓலை தாராளம். இது இரண்டாவது கேள்வி: எத்தனை நாளைக்கு?

இன்றும் இந்தக் கணக்கை ஒழுங்காகச் செய்பவர்கள் நமது வாடிக்காரர்கள். காற்று மாறும்போது கரையையும் மாற்றுகிற மீனவர்கள். பத்தலங்குண்டுவிலும் கற்பிட்டிக் கரையிலும் வாடி போட்டு, பருவம் முடிந்ததும் பிரித்து எடுத்துக்கொண்டு போவார்கள். எந்தப் பக்கம் வாசல் வைப்பது, எவ்வளவு பதிவாகக் கூரையை இறக்குவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கச்சான் காற்றுக்கு முதுகைக் காட்டி, கூரையை நெஞ்சளவுக்கு இறக்கிக் கட்டுவார்கள். உயர்த்திக் கட்டிய கூரையைக் காற்று பாய்மரமாக்கிவிடும்.

*

இப்போது எழுதச் சிரமமான பகுதிக்கு வருகிறேன்.

1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30 ஆம் திகதி கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவில் எங்கள் குடும்பம் அதற்குச் சில நாட்களுக்கு முன்னர் கடற்கரைக்கு வந்துவிட்டது. அங்கிருந்து வள்ளத்தில் கற்பிட்டி. பெரும்பாலானவர்களுக்கு வந்து சேர்ந்த இடம் நமது புத்தளம் மாவட்டம்தான்.

நான் 1991 இல் பிறந்தவன். அந்தப் பயணத்தில் உம்மாவின் வயிற்றில் இருந்தேன். புறப்படும்போது பக்கத்து வீட்டுத் தமிழ் அக்கா அழுதுகொண்டே சோறு கட்டிக் கொடுத்ததை உம்மா இன்றும் சொல்வார். மாரி மழை தொடங்கியிருந்த நேரம். கரையில் காத்திருந்த இரவு ஒரு பழைய படங்கைப் பதினான்கு பேர் பிடித்துக்கொண்டு இருந்தார்களாம். பிள்ளைகள் நடுவில், பெரியவர்கள் ஓரத்தில். ஓரத்தில் இருந்தவர்கள் விடிய விடிய நனைந்தார்கள்.

இந்தக் கரையில் இறங்கியபோது புத்தளம் மக்கள் செய்ததை மறந்தால் நாம் மனிதர்களே இல்லை. பள்ளிவாசல்களைத் திறந்தார்கள், பாடசாலைகளைத் திறந்தார்கள், வீடுகளைத் திறந்தார்கள். சமைத்த சோற்றை வண்டிகளில் கொண்டுவந்தார்கள். பிறகு தென்னந்தோட்டங்களில் கொட்டில் போட இடம் கொடுத்தார்கள். ஆலங்குடா, தில்லையடி, இன்னும் எத்தனையோ இடங்களில் முகாம்கள் எழும்பின.

என்ன கூரை போடுவது என்ற கேள்விக்கு அங்கே ஒரே பதில்தான் இருந்தது. தென்னை இருக்கிற நாடு, கிடுகுதான் மலிவு. கையால் பின்னலாம், ஒரு நாளில் வேய்ந்துவிடலாம். உள்ளே குளிர்மையாகவும் இருக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு அதைவிட நல்ல கூரை கிடையாது. எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். வந்தவர்களும் நினைத்தார்கள், இடம் கொடுத்தவர்களும் நினைத்தார்கள்.

இரண்டு மூன்று மாதம் பதினேழு வருடமாகியது.

கிடுகு ஒரு வருடம் நன்றாக நிற்கும். இரண்டாம் மாரியில் ஒழுகும். அதற்குப் பிறகு உக்கி, கறையான் பிடித்து, தொட்டால் கொட்டும். ஆகவே ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன்னர் கூரை மாற்ற வேண்டும். எங்கள் சின்னக் கொட்டிலுக்கே முன்னூறு கிடுகுக்கு மேல் போனது. அந்த மாதம் வாப்பா கூலி வேலையில் உழைத்தது கூரைக்குத்தான். காசில்லாத வருடம் பழைய கிடுகின் மேல் பொலித்தீனைப் போட்டு, பறக்காமல் தென்னம் மட்டையை ஏற்றிக் கட்டுவோம். பொலித்தீன் போட்டால் பகலில் உள்ளே இருக்க முடியாது. அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தாலும் பயம். நான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்குப் படித்த காலத்தில், மழை வந்தால் முதலில் காப்பாற்றுவது கொப்பிகளைத்தான். உம்மா அவற்றை அரிசி வாளிக்குள் வைத்து மூடிவிடுவார்.

ஏன் கல் வீடு கட்டவில்லை என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். காசு இல்லை என்பது ஒரு காரணம். காணி நமதில்லை என்பது இன்னொன்று. மூன்றாவதை வாப்பா அடிக்கடி சொல்வார். கல் வீடு கட்டினால் திரும்பிப் போகும் எண்ணம் போய்விடும் என்பார். கிடுகு மாற்றும் ஒவ்வொரு வருடமும், “இதுதான் கடைசிக் கூரை, அடுத்த மாரி ஊரில்” என்பார். அப்படிச் சொன்னவர் அவர் மட்டுமல்ல என்பது முகாமில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும்.

இடம் கொடுத்தவர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு தேங்காய்ப் பருவத்துக்கு என்று கொடுத்த தோட்டம் வருடக்கணக்கில் முகாமாகவே இருந்தது. கிணறு, பாடசாலை, கூலி வேலை எல்லாவற்றையும் பகிர வேண்டி வந்தது. மனக்கசப்புகள் வந்தன. “அகதி” என்ற சொல் வகுப்பறை வரைக்கும் வந்தது. கிடுகுக் கொட்டிலைக் கண்டால் யாருடைய வீடு என்று கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. கூரையே அடையாள அட்டை ஆகிவிட்டது.

2007 இல் உலக வங்கியின் உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. கிடுகுக் கொட்டிலில் இருந்தவர்களுக்கு வீடு கட்டவும், பாதியில் நின்ற வீடுகளை முடிக்கவும் உதவி கிடைத்தது. எங்களுக்கும் சுவர் எழும்பியது, கூரைக்குச் சீற் வந்தது. வாப்பா 2005 இலேயே மௌத்தாகிவிட்டார். அவருடைய ஜனாஸா கிடுகுக் கூரையின் கீழிருந்துதான் புறப்பட்டது.

2009 இல் யுத்தம் முடிந்து முசலிப் பக்கம் திரும்பிப் போனவர்கள் தங்கள் காணிகளில் காடு வளர்ந்திருக்கக் கண்டார்கள். மறிச்சுக்கட்டியிலும் அப்படித்தான். ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் முத்துக்காக ஓலைப் பட்டணம் எழும்பிய அதே மண்ணில், அந்த ஊரின் சொந்தக்காரர்கள் மறுபடியும் தகரமும் படங்குமாகத் தொடங்கினார்கள்.

*

தம்பியின் கேள்வியை உம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்:

“அந்த நேரம் கிடுகு எத்தன வேணும் எண்டு எல்லாரும் கேட்டாங்க மகன். எத்தன நாளைக்கு எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. நாங்களும் கேக்கல்ல.”

மூன்றாவது கேள்வியும் அதற்குள்ளேதான் இருக்கிறது: எப்போது புறப்படுவது என்பது யார் கையில்? தவளக்காரன், வண்டிக்காரன், முத்துக்குளிப்பவன், வாடிக்காரன் எல்லாரும் தற்காலிகக் கூரையின் கீழ்தான் படுத்தார்கள். ஆனால் எப்போது பிரிப்பது என்பது அவர்கள் கையில் இருந்தது. 1990 இல் எங்கள் கையில் இருக்கவில்லை. ஓலை இரண்டிலும் ஒரே ஓலைதான். தற்காலிகக் கொட்டில் கொடுத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று எந்த அனர்த்தத்திலும் நினைக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். வெள்ளம் வரும்போது படங்கு பங்கிடப் போகும் நமது வாலிபர்களுக்கும் இதையே சொல்கிறேன். முதல் நாள் படங்கு கொடுங்கள். அடுத்த நாளே “எத்தனை நாளைக்கு?” என்ற கேள்வியை அதிகாரிகளிடம் கேட்கத் தொடங்குங்கள்.

தம்பிக்கு என் பதில் இது.

உங்கள் வேன் ஒரு இடத்தில் இரண்டு நாள், மூன்று நாள்தான் நிற்கும். ஆகவே கிடுகுப் பந்தல் வேண்டாம். பந்தல் போட்டால் வேன் அதற்குக் கட்டுப்பட்டுவிடும். சுருட்டுக் கூரை வசதிதான், ஆனால் மே முதல் ஒக்டோபர் வரை நமது கரையில் அடிக்கும் காற்றுக்கு அதன் கைகள் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள். காற்று கூடினால் உடனே சுருட்டிவிட வேண்டும். இரவில் விரித்தபடி விட்டுவிட்டுத் தூங்கக்கூடாது. இப்போதைக்குக் காசு குறைவென்றால் தடித்த கன்வஸ் படங்கு போதும். மலிவான பொலித்தீன் படங்கு வேண்டாம். ஒரு பருவத்து வெயிலிலேயே பொரிந்து கிழிந்துவிடும், அடியில் இருப்பவருக்கும் வேக்காடு. வாடிக்காரர்கள் போல வேனின் முதுகைக் காற்றுக்குக் காட்டி, ஒதுக்குப் பக்கத்தில் கூரையைக் கட்டுங்கள். வெளி ஓரத்தைப் பதித்து இறக்குங்கள், மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடும். நமது மணலில் முளை நிற்காது. சாக்கில் மணல் நிரப்பிப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டுங்கள். கடல் உப்புப் படிந்த கன்வஸை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு மட்டும் மடியுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடித்து உக்கிப்போகும்.

இன்னொரு விஷயம். ஒன்பதாம் தர வகுப்புக்கு இந்த வாரம் ஒரு வீட்டு வேலை கொடுத்திருக்கிறேன். தலைப்பு: “எங்கள் குடும்பத்தின் பழைய கூரை.” வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும். அந்த வகுப்பில் முகாமில் வளர்ந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அன்று தோட்டத்தைத் திறந்து ஓலை வெட்டக் கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரே வாங்கில் இருக்கிறார்கள், ஆனால் ஒருவர் வீட்டுக் கதை மற்றவருக்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் புத்தளத்தின் வரலாறு முழுமையாகும்.

பிள்ளைகள் வந்து கேட்டால் தயவுசெய்து சொல்லுங்கள். கிடுகு பின்னியவர்கள், சுமந்தவர்கள், வேய்ந்தவர்கள், இடம் கொடுத்தவர்கள் எல்லாரும் சொல்லுங்கள். உங்கள் பெயர்களைப் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும்.

அன்று வாசலைத் திறந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. திரும்பிப் போகக் காத்திருந்தே மண்ணறைக்குப் போனவர்களுக்கு அவன் ஜன்னத்தில் நிலையான வீட்டைக் கொடுப்பானாக. ஆமீன்.